கணக்கில் வராத வேலையிழப்பு!

அமெரிக்கத் தொழிலாளர் துறை வியாழக்கிழமைதோறும் காலை எட்டரை மணிக்கு ஓர் எண்ணை வெளியிடுவது வழக்கம். முந்தைய வாரத்தில் வேலையை இழந்து, வேலையின்மைக் காப்பீட்டுத் தொகை கோரிப் புதிதாக மனுச் செய்தவர்கள் எத்தனை பேர் என்பதே அந்த எண். 2022 முதல் 2025 வரை பெரும்பாலான வாரங்களில் அது 2 லட்சத்துக்கும் இரண்டரை லட்சத்துக்கும் இடையே ஏறி இறங்கியது. பண்டிகை, புயல், விடுமுறை ஆகியவற்றால் ஒரு வாரக் கணக்கு தடம் மாறக்கூடும் என்பதால் நான்கு வாரச் சராசரியும் உடன் தரப்படுகிறது. முன்னரே மனுச் செய்து தொடர்ந்து உதவித்தொகை பெறுவோரின் எண்ணிக்கை தனியே சொல்லப்படுகிறது. முதல் எண் எத்தனை பேர் வேலையிழந்தார்கள் என்பதைச் சொல்லும். இரண்டாவது எண், இழந்தவர்களுக்கு மறு வேலை கிடைத்ததா என்பதைச் சொல்லும்.

பொருளாதார வல்லுநர்களும் பங்குச் சந்தைத் தரகர்களும் அலசி ஆராயும் இந்தப் புள்ளிவிவரம் இந்தியத் தொழிலாளிக்கு எவ்வகையில் தொடர்புடையது என்று கேட்கலாம். தொடர்பு இருக்கிறது. அந்த எண், எந்தக் கணக்கெடுப்பாளரும் வீடு வீடாகச் சென்று திரட்டியதன்று. வேலையிழந்தவருக்கு உதவித்தொகை கோரும் உரிமை இருக்கிறது, அவர் கோருகிறார், அரசு பதிவு செய்கிறது, பதிவானதைக் கூட்டிச் சொல்கிறது. உரிமை முதலில் வந்தது, புள்ளிவிவரம் அதன் நிழலாக வந்தது. இந்தியாவில் அத்தகைய வாராந்திர எண் எதுவும் இல்லாததற்குக் காரணம் புள்ளியியல் துறையின் மெத்தனம் அல்ல. கோருவதற்கான உரிமை பெரும்பாலானோருக்கு இல்லை என்பதுதான் காரணம்.

இந்த வேறுபாட்டின் விலை என்ன என்பதை 2020 மார்ச் மாதக் கடைசி வாரம் காட்டியது. கரோனா தீநுண்மியால் அமெரிக்கத் தொழிலகங்களும் கடைகளும் மூடப்பட்டபோது, மார்ச் 26-ஆம் தேதி வெளியான முதற்கட்ட அறிவிப்பு ஒரே வாரத்தில் 32.8 லட்சம் பேர் மனுச் செய்திருப்பதாகக் கூறியது. அடுத்த வியாழக்கிழமை அது 66 லட்சத்தைத் தாண்டியது. முதல் எண் வெளியான மறுநாளே, வேலையிழந்தோருக்கு வாரம் 600 டாலர் கூடுதலாக வழங்கும் சட்டம் கையெழுத்தாகி நடைமுறைக்கு வந்தது. எவ்வளவு பெரிய தீ என்பது தெரிந்ததால் எவ்வளவு தண்ணீர் தேவை என்பதும் தெரிந்தது.

அதே மார்ச் 26-ஆம் தேதி தில்லியில், நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் ரூ.1.70 லட்சம் கோடி மதிப்பிலான ஏழைகள் நல நிவாரணத் திட்டத்தை அறிவித்தார். அரிசியும் கோதுமையும் அதில் இருந்தன. பெண்களின் ஜன்தன் கணக்குகளில் மூன்று மாதங்களுக்கு மாதம் ரூ.500 செலுத்தும் அறிவிப்பும் இருந்தது. நகரத்தில் வேலையிழந்தவருக்கு, இழந்த கூலிக்கு ஈடாகத் தரப்படும் தொகை என்று எதுவும் இல்லை. எத்தனை பேர் வேலையிழந்தார்கள் என்பதை அறியும் வழியும் அரசிடம் இல்லை. நாடாளுமன்றமோ மார்ச் 23-ஆம் தேதியே காலவரையின்றி ஒத்திவைக்கப்பட்டிருந்தது.

அவை மீண்டும் கூடியது செப்டம்பர் 14-இல். கேள்வி நேரம் ரத்து செய்யப்பட்டிருந்த அந்தத் தொடரில், எழுத்து மூலமான பதில்கள் மட்டுமே தரப்பட்டன. பொது முடக்கத்தின்போது சொந்த ஊர் திரும்பிய புலம்பெயர் தொழிலாளர்கள் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் என்று தொழிலாளர் துறை தெரிவித்தது. வழியில் இறந்தவர்கள் எத்தனை பேர் என்ற கேள்விக்கு, அத்தகைய விவரம் பராமரிக்கப்படவில்லை என்பதே பதில். நடந்தவர்களைக் கணக்கிட்ட பதிலும் ஆறு மாதம் கழித்தே வந்தது.

புள்ளிவிவரமே இல்லையா என்றால், இருக்கிறது. தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு 2017-இல் தொடங்கியது. 2025 முதல் அதன் முடிவுகள் மாதந்தோறும் வெளியாகத் தொடங்கின. 2025 ஏப்ரலுக்கான முதல் மாத அறிக்கை வேலையின்மை விகிதம் 5.1 சதவீதம் என்றது. இது வரவேற்கத்தக்க முன்னேற்றம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், அந்த வாராந்திர அளவுகோலின்படி ஏழு நாள்களில் ஒரே ஒரு மணி நேரம் வேலை பார்த்தவரும் வேலையில் இருப்பவராகவே கொள்ளப்படுகிறார். ஆறு நாள் தைத்தவர் ஒரு நாள் மட்டுமே தைக்கும் நிலைக்கு வந்தாலும் கணக்கேட்டில் அவர் பெயர் இடம் மாறுவதில்லை.

வருங்கால வைப்பு நிதி அமைப்பு 2018 முதல் மாதந்தோறும் வெளியிட்டுவரும் சந்தாதாரர் கணக்கும் இத்தகையதே. அது புதிதாகச் சேர்ந்தவர், விலகியவர், மீண்டும் சேர்ந்தவர் ஆகியோரைக் கூட்டிக் கழித்துத் தருகிறது. விலகியவர் நல்ல வேலை தேடிப் போனாரா, வெளியேற்றப்பட்டாரா என்பதை அது சொல்வதில்லை.

இனி, சட்டம் என்ன சொல்கிறது என்று பார்க்கலாம். வேலையின்மை, முதுமை, நோய் ஆகிய நிலைகளில் அரசின் உதவி பெறும் உரிமைக்கு வகை செய்யவேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 41-ஆவது பிரிவு வழிகாட்டுகிறது. நோய்க்கும் விபத்துக்கும் பேறுகாலத்துக்கும் 1948-ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் (இஎஸ்ஐ) வந்தது. வேலையின்மை அதில் இடம்பெறவில்லை. பிரிட்டன் 1911-லும் அமெரிக்கா 1935-லும் சட்டமாக்கிய ஒன்று, இந்தியாவில் 2005 ஏப்ரலில்தான் ராஜீவ் காந்தி தொழிலாளர் நலத் திட்டம் என்ற பெயரில் எட்டிப் பார்த்தது. ஆலை மூடல், ஆட்குறைப்பு, நிரந்தர உடல் ஊனம் ஆகியவற்றால் வேலையிழந்த காப்பீட்டாளருக்கு ஆறு மாதங்களுக்குப் பாதிக் கூலி. ஆனால் ஐந்தாண்டுச் சந்தா கட்டியிருக்கவேண்டும் என்பது தொடக்க கால விதி. பின்னர் அது படிப்படியாகத் தளர்த்தப்பட்டது.

2018 ஜூலையில் அடல் காப்பீட்டாளர் நலத் திட்டம் தொடங்கியது. வாழ்நாளில் ஒரே ஒரு முறை, அதிகபட்சம் 90 நாள்களுக்கு, சராசரி தினக் கூலியில் கால் பங்கு. 2020 ஆகஸ்டில் அது பாதிக் கூலியாக உயர்த்தப்பட்டது. முதலாளி மூலம்தான் மனுச் செய்யவேண்டும் என்ற நிபந்தனை விலக்கப்பட்டது. தொண்ணூறு நாள் காத்திருப்பு முப்பது நாளாகக் குறைக்கப்பட்டது. மாதம் ரூ.15,000 ஊதியம் பெற்றவருக்கு இதன்படி நாளொன்றுக்கு ரூ.250 வீதம் மொத்தம் ரூ.22,500 கிடைக்கும். இந்தத் தளர்வுகள் நிரந்தரமாக்கப்படவில்லை. 2020 டிசம்பர் வரை என்று அறிவிக்கப்பட்டு, பின்னர் 2021, 2022, 2024 என்று தவணை முறையில் நீட்டிக்கப்பட்டன. தவணை முறையில் தரப்படுவது சலுகை. அதை உரிமை என்று சொல்ல இயலாது.

இந்தச் சலுகையும் யாரைச் சென்றடையும்? அதைச் சோதித்துப் பார்க்க மும்பையை விடப் பொருத்தமான ஊர் இல்லை. தாராவி, மாதுங்கா, செம்பூர் என்று தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் மூன்று பகுதிகள் ஒன்றுக்கொன்று சில கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கின்றன. மும்பை தென்மத்தி மக்களவைத் தொகுதிக்கு உள்பட்ட இந்த மூன்று இடங்களிலும் வேலையிழப்பு மூன்று விதமாக நிகழ்கிறது. மூன்று விதத்திலும் அது கணக்கில் வராமல் போகிறது.

முதலில் தாராவி. ஏறத்தாழ 600 ஏக்கர் பரப்பில் தோல் பொருள், ஆயத்த ஆடை, மண்பாண்டம், மறுசுழற்சிப் பட்டறைகள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் பகுதி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்குச் சென்றவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கு இருக்கிறார்கள். 'கார்கானா' எனப்படும் சிறு பட்டறைகளில் ஐந்து பேரும் எட்டுப் பேரும் உருப்படிக் கணக்கில் கூலி பெறுகிறார்கள். பத்துப் பேருக்குக் குறைவான ஊழியர்கள் என்பதால் இஎஸ்ஐ சட்டம் அந்த வாசற்படியை மிதிப்பதில்லை. நியமன ஆணை இல்லை. எனவே நீக்க ஆணையும் இல்லை. 'இந்த வாரம் சரக்கு இல்லை' என்ற ஒரு சொல்லே ஆட்குறைப்பு. விடியற்காலையில் இட்லி அவித்து நகரெங்கும் கொண்டுசென்று விற்கும் குடும்பங்களுக்கோ முதலாளி என்று ஒருவரே இல்லை.

அடுத்தது மாதுங்கா. ஆசிரியர்களும் கணக்கர்களும் வங்கி ஊழியர்களுமாகத் தென்னிந்திய நடுத்தர வர்க்கம் காலூன்றிய இடம். அடுத்த தலைமுறை தனியார் நிறுவனங்களில் பணிபுரிகிறது. இஎஸ்ஐ ஊதிய உச்சவரம்பு ரூ.21,000 என்று 2017 ஜனவரியில் நிர்ணயிக்கப்பட்டது. மும்பையில் ஒரு சிறு வீட்டின் வாடகைக்கே போதாத தொகை அது. அதற்கு மேல் ஒரு ரூபாய் கூடுதலாக ஊதியம் நிர்ணயிக்கப்பட்டு வேலைக்குச் சேர்ந்தவர் காப்பீட்டுக்கு வெளியே நிற்கிறார். தனியார் அலுவலகங்களில் ஆட்குறைப்பு, தாமாகவே விலகுவதாக எழுதி வாங்கிக்கொள்ளும் வடிவத்தில் நடக்கும்போது, ஏட்டில் அது வேலையிழப்பே அல்ல.

மூன்றாவது செம்பூர். சுத்திகரிப்பு ஆலைகளும் உரத் தொழிற்சாலையும் அணுசக்தி நிலையமும் சூழ்ந்த பகுதி. பொதுத்துறையில் நிரந்தரப் பணி பெற்றவருக்குக் கவலை இல்லை. தொழிற்பேட்டைகளில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருப்பவர்தான், மூவரிலும் இஎஸ்ஐ திட்டத்தின் எல்லைக்குள் இருப்பவர். ஆயினும், குறிப்பிட்ட சந்தா காலத்தில் 78 நாள்களாவது சந்தா செலுத்தப்பட்டிருக்கவேண்டும் என்கிறது விதி. ஒப்பந்ததாரர் மாறும்போது சந்தா அறுபட்டால் உரிமையும் அறுபட்டுப் போகும். ஒப்பந்ததாரர் பிடித்த பணத்தைக் கட்டவில்லை என்றால், அது தொழிலாளிக்குத் தெரியவருவதே வேலை போன பிறகுதான்.

ஒருவர் சட்டத்துக்குக் கீழே இருக்கிறார். மற்றவர் சட்டத்துக்கு மேலே இருக்கிறார். மூன்றாமவர் சட்டத்துக்கு உள்ளே இருந்தும் வெளியே நிற்கிறார்.

இது இன்று நேற்று ஏற்பட்ட நிலை அல்ல. 1982 ஜனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய பஞ்சாலை வேலைநிறுத்தத்தில் சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் ஈடுபட்டார்கள். பல்லாயிரக்கணக்கானோர் மீண்டும் ஆலை வாசலை மிதிக்கவே இல்லை. ஆலைகள் நின்ற நிலம் வணிக வளாகங்களாகவும் அடுக்குமாடிகளாகவும் மாறியது. நிலத்தின் விலை சதுர அடிக் கணக்கில் துல்லியமாகக் கணக்கிடப்பட்டது. 2015-இல் மகாராஷ்டிரத்தில் காளை, எருது வதைத் தடைச் சட்டம் அமலுக்கு வந்தபோது தாராவியின் தோல் தொழில் ஆட்டம் கண்டது. 2016 நவம்பரில் உயர்மதிப்பு ரூபாய் நோட்டுகள் செல்லாதவையாக அறிவிக்கப்பட்டபோது ரொக்கக் கூலியை நம்பிய பட்டறைகள் முடங்கின. 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி வந்தது. 2020-இல் பொது முடக்கம் வந்தது. ஐந்தாண்டுகளில் நான்கு அடிகள். எந்த அடியில் எத்தனை பேர் வீழ்ந்தார்கள் என்பதற்கு ஒரு வாரத்துக்கேனும் பதிவேடு உண்டா?

ஐந்தாவது மாற்றம் இப்போது வாசலில் நிற்கிறது. தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தை அதானி குழுமம் 2022 நவம்பரில் ஏலத்தில் வென்றது. மாநில அரசின் 20 சதவீதப் பங்குடன் அமைந்த கூட்டு நிறுவனம் அதைச் செயல்படுத்துகிறது. தரைத்தளத்தில் 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே குடியிருப்போருக்கு தாராவியிலேயே இலவசமாக 350 சதுர அடி வீடு என்கிறது திட்டம். தகுதி என்பது கட்டடத்தைப் பற்றிய கேள்வியாக இருக்கிறது. அந்தக் கட்டடத்துக்குள் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் கூலித் தொழிலாளி, பட்டறை இடம் பெயரும்போது எந்தப் பட்டியலில் வருவார்? வீட்டுக்கு ஈடு வீடு என்று பேசும் திட்டத்தில், வேலைக்கு ஈடு என்ன என்ற கேள்விக்கும் விடை இருந்தாகவேண்டும்.

முதலாளி நிலையாக இல்லாத தொழிலாளிக்குக் காப்பீடு எப்படிச் சாத்தியம் என்பது அதிகாரிகள் வழக்கமாக எழுப்பும் ஐயம். அதற்கான விடையை மும்பையே எப்போதோ தந்துவிட்டது. துறைமுகத் தொழிலாளர் சட்டம் 1948-இல் இயற்றப்பட்டு, பம்பாய்த் துறைமுகத் தொழிலாளர் வாரியம் அமைந்தது. அழைப்புக்கு ஆஜராகியும் கப்பல் வராததால் வேலை கிடைக்காத நாளுக்கு வருகைப்படி வழங்கும் ஏற்பாடு அதில் இருந்தது. மாநில அரசு 1969-இல் இயற்றிய மாதாடி சுமைத் தொழிலாளர் சட்டம், இன்று ஒரு கடை, நாளை ஒரு கிடங்கு என்று மூட்டை சுமப்பவர்களையும் ஒரு வாரியத்தின்கீழ் பதிவு செய்தது. வேலை கொடுப்பவர்கள் கூலியோடு ஒரு தீர்வையையும் வாரியத்தில் செலுத்துகிறார்கள். வாரியம் வைப்பு நிதி, பணிக்கொடை, விடுப்பு ஊதியம் ஆகியவற்றைப் பராமரிக்கிறது. மூட்டை சுமப்பவருக்குச் செய்ய முடிந்ததைத் தோல் தைப்பவருக்குச் செய்ய முடியாதா என்ன?

நாடாளுமன்றமும் இதை அறியாததல்ல. அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான 2008-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் ஆயுள், உடல்நலம், பேறுகாலம், முதுமை ஆகியவற்றைப் பட்டியலிட்டுவிட்டு வேலையிழப்பை விட்டுவிட்டது. 2021 ஆகஸ்டில், பர்த்ருஹரி மஹ்தாப் தலைமையிலான தொழிலாளர் நலத்துக்கான நாடாளுமன்ற நிலைக்குழு, ஊரக வேலை உறுதித் திட்டத்தைப் போல நகர்ப்புறங்களுக்கும் ஒரு திட்டம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதே மாதம் தொடங்கப்பட்ட இ-ஷ்ரம் இணையதளத்தில் பின்னர் 30 கோடிக்கும் அதிகமானோர் பதிவு செய்துகொண்டார்கள். பெயரும் தொழிலும் வங்கிக் கணக்கும் அரசிடம் சேர்ந்துவிட்டன. வேலை போனால் அதைத் தெரிவிக்கவும் தொகை கோரவும் உரிமைதான் சேரவில்லை.

2025 நவம்பர் 21-இல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. அவற்றில் நன்மைகள் இல்லாமல் இல்லை. இணையவழிச் சேவை நிறுவனங்களின் பணியாளர்கள் முதல்முறையாகச் சட்டத்தில் இடம்பெற்றனர். அந்த நிறுவனங்கள் ஆண்டு வருவாயில் ஒன்று முதல் இரண்டு சதவீதம் சமூகப் பாதுகாப்புக்குத் தரவேண்டும். ஆட்குறைப்புக்கு உள்ளாகும் தொழிலாளிக்கு மறுதிறன் பயிற்சி நிதியிலிருந்து 15 நாள் ஊதியம் உண்டு. அதேவேளையில், அரசின் முன் அனுமதி பெற்றே ஆட்குறைப்புச் செய்யவேண்டும் என்ற கட்டுப்பாடு 100 தொழிலாளர்கள் கொண்ட ஆலைகள் என்பதிலிருந்து 300 என்று தளர்த்தப்பட்டிருக்கிறது. குறித்த காலப் பணி முடிந்து வெளியேறுவது ஆட்குறைப்பு ஆகாது என்றும் சொல்லப்பட்டிருக்கிறது. வெளியேற்றும் கதவை அகலப்படுத்தினால், வெளியே வலையையும் அகலமாக விரிக்கவேண்டும். பதினைந்து நாள் ஊதியம் அந்த வலை ஆகிவிடாது.

வேலையிழந்தவர் வைப்பு நிதியிலிருந்து பணம் எடுத்துக்கொள்ளலாமே என்ற வாதமும் முன்வைக்கப்படுகிறது. அது அவருடைய சொந்தச் சேமிப்பு. முதுமைக்கு வைத்ததை இளமையில் எடுத்து உண்பதற்கு அனுமதி அளிப்பது, விதைநெல்லைக் குத்தித் தின்னச் சொல்வதற்கு ஒப்பாகும். காப்பீடு என்பது வேறு. பலர் சிறிது சிறிதாகச் செலுத்தி, இடறி விழும் சிலரைத் தாங்குவது.

பணம் எங்கே என்ற கேள்வி நியாயமானது. இஎஸ்ஐ சந்தா ஊதியத்தில் 6.5 சதவீதமாக இருந்தது. 2019 ஜூலை முதல் அது 4 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. குறைக்கப்பட்ட இரண்டரை சதவீதத்தில் ஒரு சிறு பகுதியையேனும் வேலையிழப்புக்கென ஒதுக்கியிருந்தால் தொடர்ந்து இயங்கும் ஒரு நிதியம் உருவாகியிருக்கும். வேலை பார்த்துக்கொண்டே பொய்யாக மனுச் செய்வார்கள் என்ற அச்சத்துக்கும் மருந்து உண்டு. வைப்பு நிதி, இஎஸ்ஐ, இ-ஷ்ரம் ஆகிய மூன்று பதிவேடுகளும் ஒன்றையொன்று சரிபார்க்க இயலும். அமெரிக்காவில் ஆட்குறைப்பு அதிகம் செய்யும் முதலாளி கூடுதல் வரி செலுத்துகிறார். அந்த ஏற்பாடும் குறையற்றதல்ல; கரோனாவுக்கு முன் அங்கும் வேலையற்றோரில் மூன்றில் ஒரு பங்கினருக்கும் குறைவானோரே உதவித்தொகை பெற்றார்கள். ஆயினும் குறையுள்ள விளக்கு, விளக்கே இல்லாத இருட்டைவிட மேலானது.

செய்யவேண்டியவை தெளிவானவை. அடல் திட்டத்தின் தளர்வுகளை நீட்டிப்பு அறிவிப்புகளுக்குக் காத்திருக்க வைக்காமல் சட்டத்திலேயே நிரந்தரமாக எழுதவேண்டும். வாழ்நாளில் ஒரு முறை என்ற வரம்பை நீக்கவேண்டும். வாழ்வில் ஒரே ஒரு முறைதான் வேலை போகும் என்று யாரும் உறுதி தருவதில்லை. ஊதிய உச்சவரம்பை விலைவாசியோடு இணைக்கவேண்டும். பத்துப் பேருக்குக் குறைந்த பட்டறைகள் விருப்பத்தின்பேரில் இஎஸ்ஐ திட்டத்தில் சேரலாம் என்ற புதிய சட்டத்தின் வாய்ப்பை ஏட்டளவில் விட்டுவிடாமல், மாதாடி வாரியத்தைப் போன்ற வாரியம் அமைத்துத் தாராவியிலிருந்தே தொடங்கவேண்டும். மறுசீரமைப்பால் கூலி இழப்போரின் பட்டியலையும் அவர்களுக்கான இடைக்கால உதவியையும் திட்டச் செலவில் சேர்க்கவேண்டும். இவ்வளவும் செய்த பிறகு, மாவட்டவாரியாக எத்தனை மனுக்கள் வந்தன, எத்தனை ஏற்கப்பட்டன, எத்தனை நிராகரிக்கப்பட்டன என்பதை வாரந்தோறும் வெளியிடவேண்டும்.

பங்குச் சந்தைக் குறியீட்டின் ஏற்ற இறக்கத்தை நொடிக்கு நொடி அறிவிக்கிறது மும்பை தலால் தெரு. அங்கிருந்து சிறிது தொலைவில் தாராவியில் ஒரு பட்டறை மூடப்பட்டால் அந்தச் செய்தி அடுத்த சந்தைக் கூட தாண்டுவதில்லை. எண்ணப்படாதவர்களுக்கு நிதிநிலை அறிக்கையில் இடம் ஒதுக்கப்படுவதில்லை. வேலையிழந்தவர் முதலில் மனுதாரர் ஆகட்டும். கணக்கு தானாக வரும்.